மூன்றாம் அத்தியாயம், பக்கம் 41 முதல் 43 வரை

அன்று விசாரணை அறையில் இருந்தவர்கள்: நர்சிங் கல்லூரி முதல்வர் டாக்டர் மல்ஹோத்ரா, ஆய்வு வழிகாட்டி ஜலஜா, குறிப்பெடுத்த குமாஸ்தா தட்சிணாமூர்த்தி, எம்.எஸ்ஸி. மாணவியும் என் மருமகளுமான ரெபேக்கா, குடும்பத்தின் சார்பில் அவளுடன் சென்ற தேவநேசனாகிய நான். என் மகன் டேவிட்சனுக்கு குருகிராமில் வேலை, வரவில்லை.

ரெபேக்கா பதினொரு வருடம் வார்டில் நின்றவள். இந்தப் பட்டம் கிடைத்தால் கல்லூரியில் ஆசிரியை வேலை. வயது வரம்புக்கு இதுவே கடைசி வருடம். எழுத்துதான் அவளுக்கு வராது. அதற்காக இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் எழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போனாள். படித்ததை மூடி வைத்துவிட்டுச் சொந்த வார்த்தையில் எழுதினாள். யாருடைய கருத்தோ அவர் பெயரைப் போட்டாள். ஏழு நோட்டுகள் நிரம்பின.

நான் மத்திய அமைச்சகத்தில் முப்பத்தாறு வருடம் டிராஃப்ட் எழுதியவன். அங்கே சொந்த வார்த்தைக்கு இடமில்லை. பழைய ஃபைலில் மேலதிகாரி கையெழுத்திட்ட வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்து எழுதுவதுதான் ஒழுங்கு. யார் எழுதியது என்று எவரும் கேட்டதில்லை.

"மாமா, உங்க இங்கிலீஷை எமர்ஜென்சியில பேசினா, வாக்கியம் முடியறதுக்குள்ள பேஷன்ட் போய்ச் சேந்துருவான்" என்று ரெபேக்கா கேலி செய்வாள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாளில் அவளுக்கு இரட்டை டியூட்டி. பென் டிரைவை என்னிடம் தந்து, கரோல் பாக் கடையொன்றில் பிரிண்ட் போட்டு, பைண்ட் செய்து, கல்லூரியில் கொடுக்கச் சொன்னாள். கடையில் உட்கார்ந்து படித்தேன். 'அறுவை சிகிச்சைக்கு முன்பு நோயாளிகள் பயந்தார்கள். நாற்பத்திரண்டு பேரிடம் கேட்டேன்.' பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து! நம் வீட்டுப் பெயரோடு இது போவதா? இணையத்தில் அதே பொருளில் ஒரு பழைய ஆய்வேடு இருந்தது. நல்ல கனமான ஆங்கிலம். அதிலிருந்து மூன்று பக்கத்தை எடுத்து, மூன்றாம் அத்தியாயத்தில் அவள் எழுதியதற்குப் பதிலாக வைத்தேன்.

மூன்று வாரத்தில் கல்லூரியின் கடிதம் வந்தது: மூன்று பக்கங்கள் வேறொருவர் ஆய்வேட்டில் அப்படியே இருக்கின்றன, விசாரணைக்கு வரவும்.

"ஐயோ மாமா, என்ன செஞ்சிட்டீங்க? நான் எண்ணி எழுதினது எங்க?"

"திருத்தினேன். அவ்வளவுதான்."

"இது திருத்தமில்ல மாமா. திருட்டு."

அந்தச் சொல்லை என் வீட்டில் யாரும் சொன்னதில்லை. "முப்பது வருஷம் திருச்சபைச் செயலாளரா இருந்தவன் நான். என் பேர் இதுல வரக்கூடாது" என்றேன்.

விசாரணையில் ஜலஜா மேடம் விடாமல் கேட்டார். "முதல் டிராஃப்ட்ல இது இல்லையே, ரெபேக்கா! மேற்கோள் போடத் தெரியாதவளா நீ? யார் சேர்த்தா? சொல்லிடு, நான் பேசறேன்."

ரெபேக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"நான்தான் மேடம்" என்றாள்.

"அச்சா" என்றார் முதல்வர், கோப்பை மூடினார். தட்சிணாமூர்த்தி அதைக் குறித்துக்கொண்டார். எம்.எஸ்ஸி. பதிவு ரத்து.

திரும்பும்போது மெட்ரோவில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவள் நின்றுகொண்டே வந்தாள். மறுநாள் ஏழு நோட்டுகளையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டாள். இப்போதும் வார்டுக்குப் போகிறாள். எனக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துத் தருகிறாள். கேலி மட்டும் செய்வதில்லை.

ரெபேக்கா ஆய்வேட்டை ஏஐயை வைத்து எழுதி மாட்டிக்கொண்டாள் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அந்த ஆய்வேட்டை எழுதியவள் அவள். 41 முதல் 43 வரையிலான பக்கங்களைத் திருடி வைத்தவன் நான்.