ஏரம்பு கிற்றார்

கிற்றாரின் வயிற்றுக்குள் விரல்களை விட்டுக் கனகலிங்கம் அப்பாவின் பேர் எழுதிய கடதாசித் துண்டை ஒட்டிக்கொண்டிருந்தான். செத்தவீட்டுச் சடங்குக்குச் சுண்ணம் இடிக்கிற உலக்கையைப் பறித்து அண்ணன் தலையில் ஒன்று போட்டால் என்ன என்று அருமைநாயகிக்கு இருந்தது.

அப்பா முற்றத்துப் பந்தலின் கீழ் பெட்டிக்குள் கிடந்தார். நேற்று விடியப்புறம் மூச்சு நின்றது. கொழும்பிலிருந்து மூத்த மகன் வந்து சேரவேண்டுமென்று இன்று பின்னேரம் வரை வைத்திருந்தார்கள். வந்தவன் ஒரு மணித்தியாலம் அழுதான். பிறகு அப்பாவின் வேலைக்கொட்டிலுக்குள் போய், இன்னும் நரம்பு பூட்டாத அந்தக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“அப்பா கடைசியாச் செய்தது. அவரோடையே போகட்டும்.”

பந்தல் முழுக்க விம்மியது. மாதா கோயிலில் பூசைக்குக் கிற்றார் வாசிக்கிற சிமியோன் மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏரம்பு அண்ணைக்கு வயது போகப் போகத்தான் கை படிஞ்சது. இந்த அஞ்சாறு வருஷமாச் செய்ததுகளுக்கு ஈடில்லை” என்றார்.

நல்லாய்த்தான் படிந்தது! ஆறு வருஷமாக அந்தக் கை ஒரு தேத்தண்ணிக் கோப்பையைச் சிந்தாமல் பிடித்ததில்லை.

ஏரம்பு மயிலிட்டியில் வள்ளம் கட்டுகிற தச்சன். காங்கேசன்துறையில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்த பறங்கியர் ஒருவர், தன் பாட்டனார் காலத்துச் சின்னக் கிற்றார் வெடித்துப்போக, வள்ளத்துப் பலகையை வளைக்கிறவனுக்கு இதுவும் வளையாதா என்று கொண்டுவந்து கொடுத்தார். நூறு வருஷத்துக்கு முன் வியன்னாவில் யாரோ ஒரு தச்சன் செய்தது. இடை ஒடுங்கி, தோள் சிறுத்து, வீட்டு முன்னறையில் மடியில் வைத்து வாசிக்கிற அளவு. அப்பா அதைப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் சீமெந்துப் பைக் கடதாசியில் வைத்துக் கீறி எடுத்தார். பிறகு அதே அளவில் தானும் செய்யத் தொடங்கினார். பக்கங்களுக்குப் பலா, மேற்பலகைக்குக் கட்டுமரம் கட்டுகிற மலைவேம்பு. வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றதும் யாழ்ப்பாணத்துப் பாட்டுக்காரர் எல்லாரும் மயிலிட்டிக்குப் படையெடுத்தார்கள். நரம்பு மட்டும் அக்கரை இந்தியாவிலிருந்து சீலைப் பொட்டலங்களோடு வள்ளத்தில் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. வாங்க வருகிறவர்கள் முன்னால் அவர் உளியும் கையுமாக இருப்பார். கிடுகு மறைப்புக்குப் பின்னால் நாயகி பலகையை அவிப்பாள், வளைப்பாள், சீவுவாள், ஒட்டுவாள். மேற்பலகைக்கு உட்புறம் ஒட்டுகிற சட்டங்களை மெல்லிசாக்கினவளும் அவள்தான். வியன்னாத் தச்சன் போட்ட அளவு குளிர்நாட்டு மரத்துக்குச் சரி, மலைவேம்புக்குச் சரிவரவில்லை. அதை அவளே மூன்று கிற்றாரைப் பழுதாக்கித்தான் கண்டுபிடித்தாள். சிமியோன் மாஸ்ரர் கை படிஞ்சது என்று கண்ணாடியைத் துடைத்தது அதற்குத்தான்.

இந்தக் கடைசிக் கிற்றாரில் தன் பேரைப் போடட்டோ என்று போன மாதம் அப்பாவிடம் கேட்டாள். வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“உன்ரை பேரைப் போட்டா ஆர் வாங்குவான், பிள்ளை?” என்று அப்பா சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். அந்த அன்பை அவளால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. யாருடைய பேரும் வேண்டாமென்று வெறுமனே விட்டிருந்தாள். இப்போது அண்ணன் வந்து ஒட்டிவிட்டான்.

“அண்ணை, அதை வையாதேங்கோ.”

“ஏன்?”

“அது நான் செய்தது.”

“நீ உதவி செய்தனி. ஆர் இல்லையெண்டது?”

“உதவியில்லை, நான் செய்தது. இந்த ஆறு வருஷத்திலை செய்ததெல்லாம் நான்தான். அப்பாவுக்கு ஒரு ஆணி பிடிக்கக் கை வழங்கேல்லை. அம்மாவைக் கேளுங்கோ.”

பந்தலில் எல்லாரும் பெட்டியின் தலைமாட்டில் இருந்த அம்மா சிவக்கொழுந்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பலகை அவிக்கிற அடுப்புக்கு விறகு வைத்தவள் அம்மாதான். நாயகியின் பெருவிரலை உளி வெட்டியபோது சீலை கிழித்துக் கட்டியவளும் அவள்தான். அம்மா புருஷனின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளைப் பார்க்காமலே சொன்னாள்.

“பிள்ளை ரெண்டு நாளா நித்திரையில்லை. மனம் கலங்கிப் போச்சு. அவளை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

யாரோ நாயகியின் தோளைப் பிடித்தார்கள். தட்டிவிட்டாள்.

கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்தார்கள். அதன் வயிறு அப்பாவின் காலடியில் அடங்கியது. கழுத்து, கட்டியிருந்த கைகளின்மேல் ஏறி மூடியில் முட்டியது. இரண்டு பேர் அழுத்திப் பார்த்தும் மூடி படியவில்லை.

தாய்மாமன் கனகரத்தினமும் வள்ளத் தச்சன்தான். “கழுத்தை அறுத்தாச் சரி” என்று கிற்றாரை வெளியே எடுத்து மரம் அரிகிற வாளை வைத்தார்.

“அதிலை வைச்சா மேற்பலகையும் சேர்ந்து கிழியும், மாமா” என்றாள் நாயகி.

“அப்ப எங்கை வைக்கிறது?”

கேட்ட பிறகுதான் யாரைக் கேட்டோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வாளைக் கீழே வைத்தார்.

நாயகி எழுந்து கொட்டிலுக்குப் போய் மெல்லிய கத்தி ஒன்றை எடுத்துவந்தாள். சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்ற அயல்வீட்டார் கொண்டுவந்திருந்த கேத்தலையும் நெருப்புச்சட்டியோடு கிட்ட நகர்த்தினாள். பெட்டிக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, கத்தியைத் தணலில் காட்டி, கழுத்தின் விரற்பலகைக்கும் மேற்பலகைக்கும் நடுவே விட்டாள். பொருத்துக்குள் கொதிதண்ணியைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். இளகிய வச்சிரப் பசையின் நாற்றம் சாம்பிராணிக்கு மேலால் எழும்பியது. பறைகாரரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்து நிமிஷம் சென்றிருக்கும். உள்ளங்கையால் கீழேயிருந்து ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு சிராய் போகாமல் கழுத்து முழுதாகக் கழன்று வந்தது.

சிமியோன் மாஸ்ரர் எழுந்து நின்றுவிட்டார். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, அவளுடைய கையைப் பார்த்தார்.

“இந்தாங்கோ, இதை வையுங்கோ.” கழுத்தை அண்ணனிடம் நீட்டினாள். பிறகு கிற்றாருக்குள் விரலை விட்டு, பசை காயாத பேர்த்துண்டை உரித்தெடுத்து அதையும் அவன் கையில் வைத்தாள். “இது அவரின்ரைதான்.”

“மற்றது?”

“மற்றது என்ரை.”

கனகலிங்கம் அம்மாவைப் பார்த்தான். அம்மா நிலத்தைப் பார்த்தாள். “நேரம் போகுது, மூடுங்கோ” என்றார் மாமா. மூடி படிந்தது.

பெட்டியைத் தூக்கினார்கள். பறை முழங்கியது. பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு படலை வரைக்கும் ஓடினார்கள்.

“நாயகி! அப்பாவைக் கடைசியா ஒருக்கா வந்து பாரடி!” அம்மாவின் குரல் உடைந்து கேட்டது.

நாயகி கொட்டிலுக்குள் இருந்தாள். ஆவி பட்டதில் மேற்பலகையின் விளிம்பு பக்கத்தை விட்டுக் கிளம்பியிருந்தது. வச்சிரம் ஆறி இறுகும்வரை அழுத்திப் பிடிக்காவிட்டால் பலகை கோணிப்போகும். இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள். சூடு இன்னும் தணியவில்லை. பறைச் சத்தம் ஒழுங்கைத் தெருவால் திரும்பிக் கடற்கரைச் சுடலைப் பக்கம் போனது. அம்மா இன்னொருமுறை கூப்பிட்டாள். நாயகி கையை எடுக்கவில்லை.