யாங்ஸெஸ் விரட்டிய காட்டுக்கழுதைகள்

யாங்ஸெஸுக்கு இந்த உலகத்தில் இரண்டே ஜென்மங்களைக் கண்டால் ஆகாது. ஒன்று, கியாங் என்கிற காட்டுக்கழுதை. இன்னொன்று, பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்காரன் துண்டுப். அந்தப் பிப்ரவரியில் இரண்டும் ஒரே நாளில் அவள் கண்ணில் பட்டன.

குளிர்கால மேய்ச்சல் நிலத்தை ஊர்த்தலைவர் தாயக்கட்டை உருட்டிப் பங்கு போட்டபோது அவளுக்கு விழுந்தது ஆற்றங்கரைச் சரிவு. வரிசையாக நட்ட கற்களுக்கு அந்தப் பக்கம் துண்டுப்புக்கு. அடுத்தவன் பங்கில் ஆட்டை விட்டால் அபராதம். அவமானம் அதைவிடப் பெரிது. அவளிடம் நூற்று நாற்பது பஷ்மினா ஆடுகள், பாதிக்குமேல் சினை. கணவன் ராணுவத்துக்குச் சுமை தூக்கப் போயிருந்தான். பனியில் பாதை அடைபட்டுத் தீவன லாரியும் வரவில்லை. சரிவின் புல் போனால் ஆடுகள் போச்சு. ஆடுகள் போனால் லே நகரத்துக்குப் போய் எவர் வீட்டிலோ பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான்.

அந்தப் புல்லில்தான் முப்பது கியாங்குகள் நின்றன. காற்றுக்கு முதுகைக் காட்டி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஓரடி எடுத்துவைக்கவும் கஞ்சத்தனம் பிடித்து நின்றன. உடம்புக் கொழுப்பைக் கரைக்காமல் வசந்தம்வரை தாக்குப்பிடிக்க அவற்றுக்குத் தெரிந்த வழி அது. அவ்வப்போது ஒன்று முன்னங்குளம்பால் பனியைக் கொத்தித் தள்ளி, அடியில் தெரிந்த புல்லைக் கடிக்கும். பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வயிறு எரிந்தது. கவணை எடுத்தாள்.

“விடுக்கா. இந்தக் குளிர்ல ஓட விட்டா செத்துப்போயிரும்,” என்றான் எல்லைக் கல்லருகே நின்ற துண்டுப்.

“அவ்வளவு பாசமா? கூட்டிட்டுப் போய் உன் கூடாரத்துல படுக்க வெச்சுக்கோ!”

“பல்லைப் பிடுங்கினாலும் உனக்கு வாய் குறையாது.”

“இந்தா வர்றாங்க உன் சொந்தக்காரங்க, வரவேத்துக்கோ!”

கவண் சுழன்றது. வேண்டுமென்றே அவன் பக்கமாகத்தான் விரட்டினாள். முப்பதும் கற்களைத் தாண்டி அவன் பங்கில் போய் நின்றதும், பார்லி மாவைப் பிசைந்து திருப்தியாகச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் சுள்ளென்று வெயில் அடித்து மேல்பனி உருகியது. மறுநாள் காலை பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி. உருகிய பனி இறுகி, சரிவு முழுக்கக் கண்ணாடி போட்டது போலக் கிடந்தது. ஆடுகள் கொத்தின, குளம்பு வழுக்கியது. மூக்கால் முட்டி ரத்தம் வழிய நின்றன.

துண்டுப்பின் ஆடுகளோ தலை கவிழ்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. கியாங்கின் குளம்பு அந்தப் பனியோட்டைப் பிளந்து குழி பறித்தது. பின்னாலேயே போய் ஆடுகள் குழிக்குள் வாயை விட்டன. யாங்ஸெஸுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் ஆடுகளின் வாய்ச்சோற்றைத் தானே கல்லால் அடித்துத் துரத்தியிருக்கிறாள். மானத்தை விழுங்கிக்கொண்டு எல்லைக் கல்லுக்குப் போனாள்.

“துண்டுப், சினையாடுகளை மட்டும் இந்தப் பக்கம் விடட்டுமா? நாலு நாளைக்குத்தான்.”

“எதுக்கு? என் சொந்தக்காரங்க வீட்டு விருந்துக்கா?”

“வயித்துல குட்டி இருக்குப்பா.”

“அதுங்க வயித்துலயும்தான் இருந்துச்சு. கல்லெறிஞ்சப்போ பாத்தியா? கல்லைத் தாண்டினா தலைவர்கிட்ட சொல்லிருவேன்.”

அவள் காது மடல் எரிந்தது. இவனிடம் போய்க் கெஞ்சினோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. கேட்டால்தானே கொடுக்க மாட்டான்? மேட்டைச் சுற்றி வந்து, கியாங்குகளுக்குப் பின்புறம் இறங்கினாள். நைசாகத் தன் பக்கம் ஓட்டிவிட வேண்டும். கையில் கவண்கூட இல்லை.

இருபது அடி இறங்கியிருப்பாள். ஒரு கியாங் தலையைத் தூக்கியது. கவண் இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தது. முப்பதும் ஒரே பாய்ச்சலில் உறைந்த ஆற்றைக் கடந்தன. நடு ஆற்றில் சினைப்பெட்டை ஒன்று சறுக்கி விழுந்து, எழ முயன்று, பிறகு முயலாமல் கிடந்தது. மற்றவை எதிர்மலையில் ஏறி மறைந்தன.

“பாவி! உன் ஆட்டோட என் ஆட்டையும் கொன்னுட்டியே!” என்று துண்டுப் அலறினான். அவளுக்கு அழுகை வந்தது, அது இமையிலேயே உறைந்தது.

கூடாரத்துக்கு ஓடிக் கடப்பாரையை எடுத்துவந்து பனியில் குத்தினாள். கற்களுக்கு அந்தப் பக்கமும் கடப்பாரைச் சத்தம் கேட்டது. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அவள் உடைத்துத் திறந்தது ஒரு கூடாரத் தரையளவு. நூற்று நாற்பது ஆடுகளும் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முட்டிக்கொண்டன.