ஒரே ஒரு கோப்பு

தேன்மொழி மடிக்கணினியைப் பூத்துண்டில் சுற்றி, அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை மார்போடு அணைத்தபடி கொண்டு வந்திருந்தார். பட்டர்வொர்த்தில் மழை பிடித்துக்கொண்டதாம். லிட்டில் இந்தியாவில் பாசார் தெரு முனையிலிருந்த சாப்பாட்டுக் கடையில், தே தாரேக் கோப்பைகளை ஓரமாக நகர்த்திவிட்டு அவர் அதை மேசைமேல் வைத்தபோது, இதன் நினைவகத்தில் இடம் போதுமா என்பதுதான் ரூபினிக்கு முதலில் தோன்றியது. மகள் படிக்கும்போது வாங்கிய மடிக்கணினி. மகள் ஜொகூரில் வேலைக்குப் போய்விட்டாள். இது வீட்டில் கிடந்தது.

"ஆசுபத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற பொண்ணுதான் உங்க பேரச் சொன்னிச்சி" என்றார் தேன்மொழி. "எங்க வீட்டுக்காரருக்கு நரம்பு வியாதிம்மா. கை கொஞ்சங் கொஞ்சமா போவுது. அடுத்தது பேச்சுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பவே பேசி வச்சிட்டா அப்புறம் கம்ப்யூட்டர் அவரு குரல்லயே பேசுமாமே?"

"பேசும்க்கா."

"அப்ப இதுல போட்டுக் குடுங்க. நானும் உங்க இன்டர்நெட் பக்கத்தப் பாத்துப் பாத்து என்னென்னவோ டைப் பண்ணேன். செவப்பு செவப்பா என்னமோ வருது."

அந்த மென்பொருளுக்கு மறுகுரல் என்று பெயர். கொடுக்கப்பட்ட வாக்கியங்களை ஒருவர் வாசித்துப் பதிவு செய்தால் அவருடைய குரலை அது கற்றுக்கொள்ளும். பிறகு எதைத் தட்டச்சு செய்தாலும் அந்தக் குரலில் பேசும். ரூபினி பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனை நிரல்கள் எழுதுபவள். மறுகுரல் அவளும், பல்கலைக்கழகத்தில் உடன் படித்த இக்மலும் விடுமுறை நாள்களில் எழுதியது. விலை கிடையாது. மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் அதை ஒரு கணினியில் போடுவதற்கு முன் வேறு பலவற்றைச் சரியான வரிசையில், சரியான பதிப்பில், கறுப்புத் திரையில் கட்டளைகள் தட்டிப் போட வேண்டும். தெரிந்தவர்களுக்கு அது ஒரு தே தாரேக் குடித்து முடிக்கிற வேலை. தெரியாதவர்களால் முடியவே முடியாது.

அன்றைக்கே அவள் உட்கார்ந்து போட்டுக் கொடுத்திருக்கலாம். கடையின் வைஃபை மெதுவாக இருந்தது. சுங்கை பட்டாணியில் உறவுக்காரர் வீட்டு விருந்துக்குப் போக வேண்டியிருந்தது. அதையெல்லாம் சமாளித்திருக்கலாம். அவளுக்குள் வேறொன்றும் ஓடியது. இப்படிக் கையால் போட்டுக் கொடுத்தவர்கள் ஏற்கெனவே சிலர் உண்டு. விண்டோஸ் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டால் எல்லாம் குலைந்துபோய், மறுபடி அழைப்பார்கள். ஒவ்வொருவராகச் செய்து கொடுப்பதில் என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் அடக்கி ஒரே கோப்பாகக் கட்டிவிட்டால் இவருக்கும் ஆகும், முகம் தெரியாத இன்னும் எத்தனையோ பேருக்கும் ஆகும். அந்த நினைப்பில் தவறு எதுவும் இல்லை. பின்னாள்களில் அவளை உறுத்தியதும் அதுதான்.

"ரெண்டு வாரம் குடுங்கக்கா. ஒரே ஒரு ஃபைல் அனுப்புறேன். அதுமேல ரெண்டு தட்டு தட்டுனா எல்லாம் தானா போட்டுக்கும். இன்டர்நெட்கூட வேணாம்."

தேன்மொழியின் முகம் விரிந்தது. "அது போதும்மா. அழகெல்லாம் வேணாம். வேல செஞ்சா போதும்."

சொன்ன நேரத்தில் முதல் கோப்பு தயாரானது. ரூபினியின் கணினியில் ஓடியது. ஈப்போவில் இக்மலின் கணினியில் திறந்தபோது, வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை, இது ஆபத்தாக இருக்கலாம் என்று விண்டோஸ் எச்சரித்தது. வைரஸ் தடுப்பான் உள்ளிருந்த ஒரு பகுதியைத் திருடனைப் பிடிப்பதுபோல் பிடித்து அடைத்தது. அதைச் சரிசெய்தார்கள். கணினியில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால், மறுகுரல் தன் கோப்புகள் இருக்கும் வழியைப் படிக்கத் தெரியாமல் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. தமிழுக்காக எழுதிய மென்பொருள் தமிழ்ப் பெயரைக் கண்டு விழுந்துவிட்டதே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. அதையும் சரிசெய்தாள். இவையெல்லாம் செய்தே ஆக வேண்டியவை. அவை முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. சின்னம் நன்றாக இல்லை என்று மாற்றினாள். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைப் பட்டை சில நேரம் நடுவில் நின்று நின்று நகர்ந்தது. அதோடு பல மாலைகள் மல்லுக்கட்டினாள்.

இக்மல் மலாய் மொழியில் எழுதினான்: இருப்பதே ஓடுகிறதே, அந்த அக்காவுக்காவது அனுப்பிவிடேன். அரைகுறையாக அனுப்பினால் நம் பெயர்தான் கெடும் என்று இவள் பதில் போட்டாள்.

கடைசியாகச் சேர்த்தது குரல் சோதனை. ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்து முடித்ததும், அது தெளிவாகப் பதிவாகியிருக்கிறதா என்று மறுகுரலே பார்க்கும். தெளிவென்றால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி. மோசமான பதிவுகளிலிருந்து மோசமான குரல்தான் வரும் என்பதால் அது தேவை என்று அவள் நம்பினாள். அந்த வரியைக்கூடப் பலமுறை மாற்றி எழுதினாள். 'குரல் தெளிவாக இல்லை. தயவுசெய்து மீண்டும் வாசிக்கவும்.' தயவுசெய்து என்று சேர்த்ததும் அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

இடையில் தேன்மொழியின் செய்திகள் வந்தன. 'நல்லாருக்கீங்களா ரூபினி? அவசரம் இல்ல, சும்மா கேட்டேன்.' தீபாவளிக்கு விளக்குப் படம் ஒன்று வந்தது. அதன் கீழே, 'முடிஞ்சிருச்சாம்மா?' பிறகு ஒருநாள் குரல் பதிவு. சாயங்காலமானால் அவருக்கு வார்த்தை ஒட்டிக்கொள்கிறது, காலையில் பரவாயில்லை என்றார். பின்னால் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது. 'இந்த வாரம்க்கா' என்று ரூபினி எழுதினாள். எழுதும்போது அது உண்மையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு செய்தி எதுவும் வரவில்லை. யாரும் கேட்காமல் இருப்பது அவளுக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் கோப்பை வெளியிட்டார்கள். எங்கெங்கிருந்தோ பாராட்டு எழுதினார்கள். இக்மல் வாணவேடிக்கைப் படம் அனுப்பினான். தேன்மொழிக்கு அனுப்பிய இணைப்புக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் இல்லை. சனிக்கிழமை காலை ரூபினி கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, கடல் பாலத்தைத் தாண்டிச் செபராங் ஜெயாவில் தேன்மொழியின் வீட்டுக்குக் காரோட்டிப் போனாள்.

தேன்மொழியின் கணவர் சிதம்பரநாதன் புக்கிட் தெங்கா தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஓட்டியவர். முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, தலையைப் படிய வாரி விட்டிருந்தார்கள். அவளைப் பார்த்து முகமெல்லாம் சிரித்து ஏதோ சொன்னார். ரூபினியும் சிரித்தாள். ஒரு சொல்கூட அவளுக்குப் பிடிபடவில்லை.

"பாலத்துல ஜாமான்னு கேக்குறாரு" என்றார் பின்னாலிருந்து தேன்மொழி.

"இல்லண்ணே. ரோடு காலியாத்தான் இருந்திச்சி."

மடிக்கணினியில் பென்டிரைவைச் செருகி இரண்டு தட்டு தட்டினாள். பச்சைப் பட்டை எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் மறுமுனையைத் தொட்டது. தேன்மொழி கொண்டு வந்த தேநீர் இன்னும் சுட்டது.

"இவ்ளோதானா?" என்றார் தேன்மொழி. அதில் குத்தல் ஏதும் இல்லை, வியப்புதான். குத்தலாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று ரூபினிக்குப் பட்டது.

முதல் வாக்கியம் திரையில் வந்தது. இன்று காலை நல்ல வெயில். சிதம்பரநாதன் வாசித்தார். எழுத்துகள் ஒன்றோடொன்று கரைந்து, மூக்கிலிருந்து ஒரே நீளச் சத்தமாக வந்தன. சிவப்பு வரி எழுந்தது. அவர் அதைப் படித்துவிட்டுத் தலையசைத்து மறுபடி வாசித்தார். மறுபடி சிவப்பு. மனைவி வாயைத் துடைத்துவிட்டதும், நேர்முகத் தேர்வுக்கு வந்தவரைப்போல் முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளி வாசித்தார். தயவுசெய்து மீண்டும் வாசிக்கவும் என்றது திரை.

"மெதுவாச் சொல்லுங்க" என்றார் தேன்மொழி. "யாரு வெரட்டுறா?"

அவர் நாற்காலியோடு இன்னும் முன்னால் நகர முயன்றார். குற்றம் தன்னுடையது என்றே நினைக்கிறார் என்று ரூபினிக்குத் தெரிந்தது. அந்த வரியை எழுதிய கை தன் மடியிலேயே கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

"அண்ணே, ஒரு நிமிஷம்." மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, அமைப்புகளுக்குள் போய்ச் சோதனையை நிறுத்தினாள். "சாஃப்ட்வேர்ல ஒரு தப்பு. உங்க மேல ஒன்னும் இல்ல."

அதன் பிறகு எப்படி வாசித்தாலும் பச்சைதான். அவர் உற்சாகமாகி ஒவ்வொன்றாக வாசித்துப் போனார். ரூபினி எழுந்து சமையலறைக்குப் போனாள். தேன்மொழி கெம்போங் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அண்ணன் முன்ன பேசின வீடியோ ஏதாச்சும் இருக்கா? பழைய வாய்ஸ் மெசேஜ்?"

"வீடியோ நெறைய இருக்கும்மா. எல்லாத்துலயும் நாங்கதான் பேசுவோம். அவரு போனப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. மெசேஜும் ஓக்கேன்னு ஒரு வார்த்த டைப் பண்றதோட சரி."

எண்ணெய் சடசடத்தது. ரூபினி சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "அன்னைக்குக் கடையிலயே உக்காந்து போட்டுக் குடுத்திருக்கணும்க்கா."

தேன்மொழி மீனைத் திருப்பிப் போட்டார். "அன்னைக்கு நல்லாத்தான் பேசினாரு" என்றார். "ஜாக்கிரதையாப் போய்ட்டு வான்னு வாசல்ல நின்னு சத்தம் போட்டாரு. பக்கத்து வீட்டுக்கே கேட்டிச்சி." அடுப்பைத் தணித்தார்.

பதிவு முடிந்து மறுகுரல் குரலைக் கட்டிக்கொண்டிருந்தது. பழைய மடிக்கணினியின் விசிறி வீடு முழுக்கக் கேட்கும்படி இரைந்தது. அது ஓய்ந்ததும் திரையில் ஒரு வெள்ளைப் பெட்டியும் பேசு என்றொரு பொத்தானும் வந்தன. இனி தட்டச்சு செய்யலாம் என்று ரூபினி சொன்னாள். சிதம்பரநாதன் மனைவியைப் பார்த்தார், பிறகு ரூபினியை. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இன்னும் அசைகிற ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார். முடித்துப் பொத்தானை அழுத்தினார்.

மடிக்கணினி அவருடைய குரலில் பேசியது. அப்படியே அவருடைய குரல். எழுத்துகள் கரைந்து, மூக்கிலிருந்து நீளமாக வந்தது. ரூபினி குனிந்து கேட்டாள். அவளுக்குப் புரியவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றாரு" என்றார் தேன்மொழி, சமையலறை வாசலில் தட்டோடு நின்றபடி.

ரூபினி குனிந்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, சிதம்பரநாதன் விரலை மெல்லத் தூக்கி, மறுபடி பொத்தானை அழுத்தினார். அதே சத்தம், களைப்பேதும் இல்லாமல், முன்பு வந்தது போலவே வந்தது.