தலைக்கு இரண்டு செடி

"நர்சரி நூர் முகமது லைன்ல இருக்கான். தக்காளி நாத்து எத்தனைன்னு சொல்லணும்" என்றார் அவர், ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு.

"வழக்கம்போல அஞ்சு சொல்லுங்க."

"அது நம்ம ரெண்டு பேருக்கு. தலைக்கு ரெண்டு, பட்டுப்போனா இருக்கட்டும்னு ஒண்ணு. மூணு பேர்னா ஏழு."

என் கணவர் சந்திரசேகரன் தொழிற்சாலையில் இருந்த நாளிலிருந்தே அப்படித்தான். அளவு தெரியாமல் ஒரு திருகாணிகூட வாங்கமாட்டார்.

"மூணு பேரா?" என்றேன்.

அவர் கூடத்துப் பக்கம் பார்த்தார்.

எங்கள் மகள் சாஹித்யா பெங்களூரிலிருந்து ஒரு பெட்டியோடு இங்கே வந்து இருபத்தாறு நாள் ஆகிறது. "ஒரு வாரம் இருக்கேம்மா" என்றாள் வந்த அன்று. மாப்பிள்ளை உமேஷிடமிருந்து ஃபோன் இல்லை. அவரிடம் திரும்பிப் போகிறாளா என்று நாங்கள் கேட்கவில்லை. சாப்பாடு போட்டோம். சாப்பிட்டாள்.

"நீயே போய்க் கேளு, ராஜி."

"நீங்க கேளுங்களேன்."

"பொம்பளைங்க விஷயம்."

"தக்காளி எப்பங்க பொம்பளைங்க விஷயமாச்சு?"

"ஜல்தி சார், ஜல்தி" என்று ஃபோனுக்குள் நூர் முகமது அவசரப்படுத்தினான்.

சாஹித்யா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த வேட்டியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"அப்பா மாடிக்குத் தக்காளி நாத்து வாங்கறார். அஞ்சா, ஏழான்னு கேக்கறார்."

"இப்ப வெச்சா எப்பப் பழுக்கும்?"

"எழுபது, எண்பது நாள் ஆகும். தசரா வந்துடும்."

வேட்டியை அடுக்கின்மேல் வைத்தாள். "அஞ்சு போதும்."

எனக்கு நிம்மதியாயிற்று. மாப்பிள்ளையிடம் போகிறாள்.

"மாப்பிள்ளை பேசினாரா?"

"அங்க போகலம்மா."

"பின்ன?"

"இதே ஊர்லதான், கொண்டாபூர்ல ஒரு ஹாஸ்டல். ஒண்ணாந்தேதி ரூம் காலியாகுது. ஆபீஸ்லயும் இந்த ஊருக்கே மாத்திட்டாங்க."

"வீடு இருக்கறப்ப ஹாஸ்டல் என்னத்துக்குடி?"

"இங்க ரெண்டு பேரும் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசறீங்க. வேண்டாம்மா, நக்கோ."

கோபம் இல்லை அதில். யாரோ வழி கேட்டதற்குப் பஸ் நம்பர் சொல்வதுபோல் சொன்னாள். எனக்கு அழுகை வரும் என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். வரவில்லை.

அவர் கதவருகே வந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. ஃபோனிலிருந்து கையை எடுத்து, அஞ்சு என்பதை இந்தியில் "பாஞ்ச்" என்றார்.

"சிர்ஃப் பாஞ்ச், சார்? பேட்டி ஆயி நா?" மகள் வந்திருக்கும்போது அஞ்சு மட்டுமா என்கிறான்; அவள் வந்திருப்பது நூர் முகமதுவுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"ஹவ். பாஞ்ச்" என்று ஆமாம் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். அங்கேயே நின்றார்.

"அப்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்றேன் அவளிடம். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"எட்டும்மா. ஒண்ணாந்தேதி காலையிலயே வரச் சொல்லியிருக்காங்க."