சேற்றில் விழுந்த சர்வீஸ்

என் டென்னிஸ் கோச் வேலையே நில உச்சவரம்புச் சட்டம் போட்ட பிச்சை.

1972. பாபநாசம் பக்கத்து மிராசுதார் உபரி நிலத்தைக் காப்பாற்ற, அது தன் பள்ளிக்கூடத்து டென்னிஸ் மைதானம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கல்லூரியில் கோப்பை வாங்கிய என்னைப் பிடித்துவந்து கோச் ஆக்கினார்.

தாசில்தார் சோதனைக்கு வந்தார். குறுவை அறுத்துப் பத்தே நாள், ஈரம் காயவில்லை. வயலில் சுண்ணாம்புக் கோடு, நடுவில் மீன்வலை. வரப்பில் அந்த வயலில் கூலிக்கு நடவு நடும் காத்தாயியும் மற்ற நடவாட்களும். மைதானம் பொய்யென்றால் நிலம் அவர்களுக்கு, எனக்கு வேலை காலி.

"ஒரு பந்து அடிச்சுக் காட்டுங்க சார்," என்றார் தாசில்தார்.

கல்லூரியில் எவனும் திருப்பி அடிக்காத என் சர்வீஸை உயிரைக் கொடுத்து அடித்தேன். பந்து சொத்தென்று சேற்றில் புதைந்தது. எழும்பவே இல்லை.

"தண்ணி வுடுங்க சார், மொளைக்குதான்னு பாப்போம்!" என்று கத்தினாள் காத்தாயி.

தாசில்தார் சிரித்துக்கொண்டே 'நஞ்சை' என்று எழுதினார். அன்றே என் வேலை போனது.

பிறகு அரசுப் பள்ளிகளில் முப்பது வருடம் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தேன். என் மாணவன் ஒருவன்கூட ஜில்லாவைத் தாண்டவில்லை.

பட்டா கிடைத்த வருடம் மட்டும் காத்தாயி ஒரு மரக்கால் நிறைய நெல்லோடு வந்தாள்.

"ஒங்க பந்து வெளைஞ்சிடுச்சு சார்."

கோச்சாக நான் வாங்கிய ஒரே கோப்பை அந்த மரக்கால்தான்.