ஷினோனுக்குத் தூள் ஐஸ்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒயின் பாட்டிலைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தவள் தேவிகாதான். வேறு யார்மேலும் பழிபோட வழியில்லை. வகுப்புக் குறிப்பின் முதல் வரியே அப்படித்தான் சொன்னது: சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் பரிமாற வேண்டும். ஆனால் அதே தாளின் பின்பக்கத்தில், ஷினோன் என்ற பிரெஞ்சுச் சிவப்பு ஒயினின் பெயருக்கு நேரே, பதினைந்து டிகிரி என்று அச்சாகியிருந்தது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? அச்சுப்பிழையாக இருக்கும் என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். மனம்தான் கேட்கவில்லை.

காரைக்கால் கடைத்தெரு மாடியில் நடக்கும் உணவகப் பணி மாலை வகுப்புக்கு அன்று கடைசி நாள். கடற்கரையில் திறக்கப்போகும் புது விடுதிக்கு ஒயின் பரிமாற ஓர் ஆள் வேண்டும். ஒரே ஓர் ஆள். விடுதி மேலாளர் அமுதம் மேடம் மாலையில் நேரில் வந்து தேர்ந்தெடுக்கப் போகிறார். வகுப்பில் கடைசிவரை தேறி நின்றவர்கள் தேவிகாவும் கலைவாணனும். சீட்டுக் குலுக்கியதில் அவனுக்கு போர்தோ ஒயின் வந்தது, அவளுக்கு ஷினோன். பாட்டிலைத் திறந்து ஊற்றி, அது விளைந்த ஊரைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் உணவொன்றை வீட்டிலிருந்து செய்துகொண்டு வந்து வைக்க வேண்டும்.

தேர்வாகிவிடுவோம் என்று யாரும் சொல்லாமலே தேவிகா ஹார்டுவேர் கடையின் பில் போடும் வேலையை விட்டுவிட்டிருந்தாள். அவளுடைய நாற்காலியில் நேற்றே வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாயிற்று. தன் ஊரான பூவத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது பர்ஸில் இருந்த பணத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

"டப்பால என்ன?" என்றான் கலைவாணன்.

"விரால். குட்டைல தண்ணி வத்திருச்சுல்ல, நேத்து பிடிச்சாங்க. மிளகு, சின்ன வெங்காயம், நெய். வாழை இலைல சுருட்டிச் சுட்டது."

"புளி?"

"இல்ல. மிளகாயும் இல்ல. புளியும் மிளகாயும் சேந்தா இந்த ஒயின் நாக்குல இரும்பு மாதிரி ஆயிரும்."

"உங்கம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"வீட்ல யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேட்டாங்க."

கலைவாணன் சிரித்தான். "சிவப்புக்குக் கறி, வெள்ளைக்கு மீன். இதான் மொத நாள் பாடம். கடைசி நாள்ல வந்து மறந்துட்டியே." அவனுடைய தூக்குவாளியில் ஆட்டுக்கறி வறுவல் இருந்தது. யாரும் குறை சொல்ல முடியாத உணவு.

ஷினோன்காரர்கள் ஆற்று மீனையும் இந்தச் சிவப்போடுதான் சாப்பிடுவார்கள் என்று தேவிகா படித்திருந்தாள். படித்தது சரியாகத்தான் இருக்குமா? பாட்டிலைத் துடைக்க எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. பாட்டில் வெதுவெதுவென்று இருந்தது, பால் புட்டியைத் தொட்டதுபோல.

"கலை, இந்த ரூம் என்ன சூடு இருக்கும்?"

அவன் போனைப் பார்த்தான். "முப்பத்தாறு போடுது."

"குறிப்புல அறைச் சூடுன்னு எழுதியிருக்கே, அது எந்த ஊர் அறை?"

"எனக்கெப்படித் தெரியும்? எங்க சித்தப்பா வீடா அது?"

தேவிகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்து மாளிகைகள் கட்டிவிட்டு, வெட்டிய குடைவுகளிலேயே ஒயினைத் தூங்கவைக்கிற ஊர் ஷினோன். அந்த ஊர்க் கல்வீட்டு அறையைத்தான் குறிப்பு சொல்லியிருக்கிறது. மே மாதத்துக் காரைக்கால் மாடி அறையை அல்ல. பதினைந்து அச்சுப்பிழை இல்லை. பிழை அவள்தான்.

குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. கரண்ட் போய் வெகுநேரமாகியிருந்தது. கீழே ஜூஸ் கடையிலும் ஐஸ் தீர்ந்துவிட்டதாம். வகுப்பு நடத்தும் மாஸ்டர், அமுதத்தை அழைத்துவர ரயிலடிக்குப் போயிருந்தார்.

"வண்டிச் சாவி குடு கலை. காரைக்கால்மேடு மீன் ஏலத்துக்குப் போயி ஐஸ் எடுத்தாறேன். உன் பாட்டிலையும் குடு, சேத்து வெச்சுக்கலாம். அதுவும் சூடாத்தான் இருக்கு."

"என்னுது வராது. ஐஸ்ல போட்டா லேபிள் உரிஞ்சிரும். லேபிள் காட்டாம பாட்டில் தொறக்கக் கூடாதுன்னு அதே குறிப்புலதான் போட்டிருக்கு."

அவன் சொன்னதும் உண்மைதான். தேவிகா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் மேசைக்கும் இடையே நடந்தாள். கலைவாணன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"நடந்து நடந்து அதை இன்னும் சூடாக்காத. வா, நான் ஓட்டறேன். நீ ஓட்டி மணல்ல விழுந்தா நாளைக்கு என்னையத்தான் சொல்வாங்க."

காரைக்கால்மேட்டில் ஏலம் முடிந்துவிட்டிருந்தது. மீன் விற்கும் பூவாயி மிச்ச மத்தியைப் பெட்டியில் அடுக்கி, மேலே தூள் ஐஸைக் கொட்டிக்கொண்டிருந்தாள். தேவிகா துப்பட்டாவிலிருந்து பாட்டிலை எடுத்ததும் பூவாயியின் கண் விரிந்தது.

"அடியாத்தி! பொம்பளப் புள்ள சரக்கு பாட்டிலோட வந்து நிக்குது!"

"பரீட்சைக்குக்கா."

"இதுல பரீட்சையா? அப்ப எங்கூட்டு ஆளு எப்பவோ கலெக்டரு ஆயிருக்கணுமே!"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். தேவிகாவுக்குக் காது சுட்டது. அதற்குள் பூவாயி காலிப் பெட்டி ஒன்றை இழுத்துப்போட்டு, பாட்டிலை நடுவில் நிறுத்தி, கழுத்துவரை ஐஸை அள்ளி அமுக்கினாள். "வெறும் ஐஸுல குளிரு புடிக்காது தங்கச்சி, ரெண்டு சொம்பு தண்ணி ஊத்து," என்று தானே ஊற்றினாள்.

பெட்டியை மடியில் வைத்துத் திரும்பும் வழியெல்லாம் தேவிகா பாடத்தை முணுமுணுத்தாள். லுவார் பள்ளத்தாக்கு. வியென் ஆறு. கபெர்னே ஃப்ரான் திராட்சை. ஐஸ் தண்ணீர் சுடிதாரை நனைத்தது. பாடத்தில் இருந்தவை எல்லாம் யாரோ சொன்னவை. அவள் அந்த ஒயினைச் சுவைத்தது ஒரே தடவை, வகுப்பில், ஒரு கரண்டி அளவு, அதையும் வகுப்பு முறைப்படி துப்பிவிட்டாள்.

மாடி ஏறிப் பாட்டிலை வெளியே எடுத்தபோது லேபிள் மாவுபோல் கரைந்து விரலோடு வந்தது. எஞ்சியது பச்சைக் கண்ணாடியும் மத்தி வாசனையும்தான். எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாள். வாசனை பாதி போயிற்று. படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அமுதம் பல வருஷம் கப்பல்களில் பரிமாறியவர். உட்கார்ந்ததும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆரம்பிங்க" என்றார்.

கலைவாணன் முதலில் வந்தான். லேபிளைக் காட்டியது, தக்கையை இழுத்தது, சொட்டுச் சிந்தாமல் ஊற்றியது எல்லாமே அழகாக இருந்தன. அமுதம் முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, கோப்பையைத் தள்ளிவைத்தார். "கை சுத்தமா இருக்கு தம்பி. ஆனா ஒயின் கொதிக்குது. சாராய நெடிதான் முன்னால நிக்குது." கறியை மட்டும் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

தேவிகா பாட்டிலை நீட்டியபோது அமுதத்தின் புருவம் உயர்ந்தது.

"லேபிள் எங்க?"

"ஐஸ்ல போயிருச்சு மேடம். நான்தான் மத்தியானமே வெளிய எடுத்து வெச்சு சூடாக்கிட்டேன். அப்பறம் மீன் பெட்டில வெச்சேன்."

"இது என்ன ஒயின்னு நான் எப்படி நம்பறது?"

முணுமுணுத்துக்கொண்டு வந்த பாடம் எதுவும் இந்தக் கேள்விக்கு உதவாது. தேவிகா ஊற்றினாள். ஒரு சொட்டு விரிப்பில் விழுந்தது. தனக்கும் ஒரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்து, நாக்கை நனைத்தாள்.

"ராஸ்பெர்ரி மாதிரி இருக்கும்னு எழுதியிருக்கு மேடம். நான் ராஸ்பெர்ரி சாப்பிட்டதில்ல. எனக்கு நாவப்பழம் தெரியுது, பாதி பழுத்தது. அப்பறம் குடைமிளகாய நறுக்குன மாதிரி. கடைசில பென்சில் சீவுன வாசனை. மாஸ்டர் குடுத்த சிவப்புல வேற எதுலயும் இந்தப் பென்சில் இல்ல. அதனால ஷினோன். ரொம்பக் கனமா இல்ல, அதனால மேட்டுச் சரிவுல வெளஞ்சதா இருக்காது. ஆத்தோரத்து மணல் கொடியா இருக்கும்னு நெனக்கிறேன். தப்பாவும் இருக்கலாம்."

அமுதம் குடித்தார். வாழை இலையைப் பிரித்து விராலைக் கிள்ளி வாயில் போட்டு, மறுபடி குடித்தார்.

"மீன் எதுக்கு?"

"அந்த ஊரும் ஆத்து ஊருதான் மேடம். பக்கத்துல இருக்கறதத்தான் சாப்பிடுவாங்க. கடல் மீன் வெச்சா ஒயின் கசக்கும்னு படிச்சேன். விரால்ல அந்தக் கவிச்சி இல்ல."

"பாட்டில்ல இருக்கு," என்றார் அமுதம்.

கலைவாணன் சிரிப்பை இருமலாக்கினான். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அமுதம் கோப்பையைக் காலி செய்தார். "லேபிள் இல்லாத பாட்டில விருந்தாளி மேசைக்கு அனுப்பவே மாட்டேன். அங்க வந்து இப்படிச் செஞ்சா அன்னிக்கே வீட்டுக்குப் போகணும். லேபிள்மேல பிளாஸ்டிக் உறை மாட்டி ஐஸ்ல வைக்கலாம், அது யாரு சொல்லிக்குடுத்தாலும் வந்துரும். சூடா இருக்கான்னு தொட்டுப் பாக்கணும்னு தோணுது பாரு, அது எனக்கு வேணும். திங்கக்கெழம வா."

தேவிகாவுக்குச் சந்தோஷம் உடனே வரவில்லை. "மேடம், ஐப்பசி மழைல ரூம் சூடு கொறஞ்சிரும்ல, அப்ப எவ்வளவு நேரம் ஐஸ்ல வைக்கணும்?" என்று கேட்டாள்.

"மொதல்ல திங்கக்கெழம வா."

அமுதமும் மாஸ்டரும் படி இறங்கிப் போனபிறகும் தேவிகாவால் சும்மா நிற்க முடியவில்லை. கோப்பைகளைக் கழுவினாள், கழுவியவற்றை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கலைவாணன் கதவருகே வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"போதும், கண்ணாடி தேஞ்சிரப் போவுது. பூவம் பஸ் போயிரும்."

"கலை, கோவமா?"

"ஆமா."

அவள் துணியைப் பிழிந்தாள்.

"நான்தானே வண்டி ஓட்டிட்டுப் போனேன், அதான் கோவம். ஒரு வாரத்துக்காவது இருக்கும்," என்றான் அவன். "கெளம்பு, பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடறேன்."