தனித்தீவு முன்னணியின் கடைசிக் கூட்டம்

கட்சியின் இருபத்தைந்தாண்டு வரலாற்றை எழுதச் சொல்லியிருக்கிறார் தலைவர் ஜெகநாதன். செயலாளர் நான்தான், உமா மகேஸ்வரி. தலைவரின் மனைவியும் நானே. எழுதுகிறேன்.

தனித்தீவு முன்னணி டெலானிபூரில், என் பேரில் இருக்கும் அரசுக் குவார்ட்டர்ஸில் தொடங்கியது. அந்தமான் தனி நாடாக வேண்டும் என்பது கொள்கை. உச்சத்தில் பதினோரு பேர் இருந்தோம். உறுப்பினர் யாரும் கடல் தாண்டிப் போகக்கூடாது. இந்திய நிலப்பரப்பை 'மெயின்லேண்ட்' என்று வாயால் சொல்லவும் கூடாது. 'அக்கரை' என்றுதான் சொல்ல வேண்டும். தவறிச் சொன்னவர், கூட்டம் முடிந்ததாகச் செயலாளர் அறிவிக்கும்வரை நிற்க வேண்டும். இந்தத் தீவில் அந்த வார்த்தை இல்லாமல் யாரால் பேச முடியும்? ஒருநாள் தலைவரைத் தவிர பத்துப் பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

கால் வலித்தே பாதிப் பேர் விலகினார்கள். கடைசிவரை இருந்த முருகையாவும் போன வருடம் இறந்துவிட்டார். மிச்சம் நாங்கள் இருவர். இரண்டு உறுப்பினர் பேசினாலே அது கூட்டம் என்பார் தலைவர். ஆக, வீட்டில் நாங்கள் பேசுவதெல்லாம் கூட்டம்தான்.

2019 பிப்ரவரியில் மதுரையில் அம்மா இறந்தார். நான் கிளம்பியபோது தலைவர் வாசலில் பாய் விரித்துக் குறுக்கே படுத்துக்கொண்டார். "என்னைத் தாண்டிப் போ" என்றார். எனக்குத் துணிவு வரவில்லை. அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

இந்த மாதம் டாக்டர், என் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, உடனே சென்னையில் ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார். தலைவர் யோசித்துவிட்டு, "ஆயுர்வேதம் பாப்போம்" என்றார்.

மூச்சு வாங்க வாங்க, அவருக்குத் தெரியாமல் கப்பல் டிக்கெட் எடுக்கப் போனேன். கவுன்ட்டரில் இருந்த ஜெரால்ட் எங்கள் தெருக்காரன்.

"அரே, அங்கிள் வரலையா ஆன்ட்டி? அன்னைக்கு, பங்க் படுக்கை வேணாம், தனி கேபின்தான் வேணும்னு ஒரே ஜித்து பண்ணி அடம்பிடிச்சாரே."

"எப்போ?"

"2019 மார்ச்ல. எங்க டெர்வின் பொறந்த வாரம், அதான் ஞாபகம். சென்னைல அண்ணன் மக கல்யாணம்னாரு."

அந்த மார்ச்சில் கட்சி வேலையாக மூன்று வாரம் இங்கேயே அந்தமானில் இருக்கும் லாங் ஐலண்ட் போவதாகத்தான் என்னிடம் சொன்னார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கப்பல் கிளம்பும் நாள் காலை. எப்படியோ தெரிந்துகொண்டு, வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்தார்.

"நீங்க மட்டும் கல்யாணத்துக்குப் போனீங்களாமே?"

முகம் கறுத்தது. படுத்தபடியே குரலை உயர்த்தினார். "தலைவர் மெயின்லேண்ட் போனா அது பிரச்சாரம். உறுப்பினர் போனா துரோகம். பஸ் கரோ, போதும் நிறுத்து!"

"சொல்லிட்டீங்க" என்றேன். "எந்திரிச்சு நில்லுங்க."

வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூட நின்றதில்லை. என்னையே பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, சுவரோரம் நின்றார்.

பையை எடுத்துக்கொண்டு, பாயை மிதித்து வெளியே வந்தேன்.

இதைக் கப்பலில், பங்க் படுக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் மூன்று நாள் கடல். ஆபரேஷனை நினைத்தால் பயமாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததாக நான் இன்னும் அறிவிக்கவில்லை.